வளைகுடாப் பெயர்ப் பலகைகளை ரசிப்பது எப்படி?

வளைகுடா ஊர்ப்பெயர்கள் அரபியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த விதம் ரசிக்கத்தக்க ஒரு தனிக்கலை. துபாயில் இருபது வருடம் குடியிருப்பவர்கள்கூட அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அரபி தெரியாது என்பதெல்லாம் சாக்கு. ஓர் எழுத்து தெரிந்தால் போதும்.

அடிப்படை சுருக்கமானது. அரபியில் குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆங்கிலத்தில் இல்லாத மெய்யொலிகளும் உண்டு. ஆகவே ஒரே பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள்.

உண்மையான ரசனை ஒரு கேள்வியில் தொடங்குகிறது: பெயர் காதால் எழுதப்பட்டதா, கண்ணால் எழுதப்பட்டதா? வட்டத் தலைமேல் இரண்டு புள்ளி வைத்த 'காஃப்' எழுத்தைப் பார்க்க வேண்டும். ஏட்டு அரபியில் அது உள்நாக்கருகே பிறக்கும் ககரம். வளைகுடாப் பேச்சில் பெரும்பாலும் 'தங்கம்' என்பதில் ஒலிக்கும் ககரம். துபாய்ப் பேட்டைகளான கர்ஹூத், குசைஸ், கூஸ் மூன்றும், முன்னொட்டான 'அல்' நீக்கினால், இதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஆங்கிலப் பலகையில் கர்ஹூத்துக்கு 'ஜி', மற்ற இரண்டுக்கும் 'க்யூ'. முன்னது பேச்சைக் கேட்டு எழுதியது. பின்னவை ஏட்டைப் பார்த்து எழுதியவை.

இதன் உச்சம் ஷார்ஜா. ஏட்டில் அது 'அஷ்-ஷாரிகா', அங்கும் காஃப்தான். வளைகுடாப் பேச்சில் இகரத்தை ஒட்டிய காஃப் சில சொற்களில் ஜகரமாகிவிடும். அந்த உச்சரிப்பையே ஆங்கிலம் பிடித்து வைத்திருக்கிறது. அவ்வூரை ஆளும் அல் காசிமி குடும்பப் பெயர் இன்று 'க்யூ'வில் எழுதப்படுகிறது. ஆங்கிலேயருடன் செய்த 1820 ஒப்பந்தக் காலத்து ஆங்கிலேய ஆவணங்களிலோ அக்குலத்தார் 'ஜோவாஸ்மீ', அங்கும் அதே ஜகரம். 'ஷார்ஜா' வெள்ளைக்காரன் சிதைத்த பெயர் என்று எழுதும் பண்டிதர்கள் உள்ளூர்ப் பேச்சுக்குக் காது கொடுக்காதவர்கள். ஐ.நா. 1972இல் ஏற்ற ஒலிபெயர்ப்பு முறை வரைபடங்களுக்கு உகந்தது. அதை வைத்துக் கர்ஹூத்தின் 'ஜி'யைப் பிழை என்பது மேம்போக்கு.

அதைவிட மேம்போக்கு கட்டட வியாபாரிகளின் மோகம். ஜுமைரா கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் கோபுரங்களுக்கும் ஜுமைரா லேக்ஸ் டவர்ஸ் என்று பெயர். பழைய உள்ளூர்ப் பேச்சில் ஜுமைராப் பேட்டையின் பெயர் 'யுமைரா' என்பது விளம்பரங்களைப் படித்தால் தெரியவே தெரியாது.

இவ்வளவும் பிடிபட்டவர்களுக்கு ஒரு ரகசியம் சொல்லலாம்: துபாயின் தேராப் பகுதியிலுள்ள அல் ரிக்கா மெட்ரோ நிலையப் பலகையைத் தவறவிடக் கூடாது. பேச்சில் அது 'அர்-ரிக்கா'. லகரம் ரகரத்தில் கரைந்துவிடும். பலகையில் 'அல்' ஏட்டின்படி நிற்கிறது, காஃபுக்கு இரட்டை 'ஜி' பேச்சின்படி நிற்கிறது. இரண்டு முறைகளும் அங்கே ஒரே பெயருக்குள் இருக்கின்றன.