கைதூக்கிய பெண்கள்: எலிசபெத் ஃப்ரையின் தொண்டர் கையேட்டை முன்வைத்து

1827இல் லண்டனில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. பெண் கைதிகளைச் சென்று பார்ப்பது, மேற்பார்வை செய்வது, ஆள்வது குறித்த அவதானிப்புகள் என்பது அதன் தலைப்பின் பொருள். எழுதியவர் எலிசபெத் ஃப்ரை. தலைப்பில் இருக்கும் மூன்று வினைகளைக் கவனியுங்கள். பார்ப்பதில் தொடங்கி ஆள்வதில் முடிகின்றன. சிறை ஊழியத்துக்குப் பெண்களைத் திரட்டுவது எப்படி, அவர்களை ஒரு குழுவாக்கி நடத்துவது எப்படி என்று ஒரு பெண்ணே எழுதிய முன்னோடிக் கையேடுகளில் ஒன்று இது. ஃப்ரையைப் பற்றிய புகழுரைகள் ஏராளம். இந்த நூலையே எடுத்துவைத்துப் பேசுகிறவர்கள் குறைவு.

நூலுக்குப் பின்னால் இருக்கும் கதை தெரிந்ததுதான். 1813இல் ஃப்ரை முதன்முறையாக நியூகேட் சிறைக்குள் போனார். விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், தண்டனை பெற்றவர்கள், அவர்களுடைய குழந்தைகள் என்று ஏறத்தாழ முந்நூறு பேர் ஒன்றாக அடைந்துகிடந்தார்கள். அவர் எடுத்துப்போனது குழந்தைகளுக்கான துணி. முறையான வேலை 1817இல்தான் தொடங்கியது. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒருவர் பாதிரியாரின் மனைவி, மற்றவர்கள் குவேக்கர்கள். நாள்தோறும் முறைவைத்துச் சிறைக்குப் போவதென்று முடிவு செய்தார்கள். உள்ளேயே தங்கி வேலை பார்க்க மேட்ரன் ஒருத்தியை நியமித்தார்கள், அவளுடைய சம்பளத்தில் ஒரு பங்கையும் தாங்களே கொடுத்தார்கள். கைதிகளைப் பன்னிரண்டு பேருக்கு மேற்படாத குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வாசிக்கத் தெரிந்த, ஒழுங்கான ஒருத்தி கண்காணிப்பாளர். தையல், பின்னல், வேதாகம வாசிப்பு.

இதில் என்னை நிறுத்திய காட்சி ஒன்று உண்டு. விதிகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார்கள். பிச்சை கேட்கக்கூடாது, சீட்டாடக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, நாவலும் நாடகமும் கூடாது. ஒவ்வொரு விதி வாசிக்கப்பட்டதும் சம்மதமானவர்கள் கைதூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. இங்கிலாந்தில் எந்தப் பெண்ணுக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லாத காலம். கோமாட்டிகளுக்கும் இல்லை, கைதிகளுக்கும் இல்லை. ஒரு சிறைக்கூடத்தில் பெண்கள் வாக்களித்தார்கள். ஆனால் எதற்கு? தங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்கு. கைதூக்க மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சோதித்துப்பார்க்க யாருக்கும் வாய்ப்பிருக்கவில்லை. இதை வெறும் நாடகம் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. அந்தப் பெண்களிடம் அதுவரை யாராவது ‘உனக்குச் சம்மதமா’ என்று கேட்டிருப்பார்களா?

நூலின் முன்னுரைப் பகுதி இன்றைக்கும் துணிச்சலானது. சிறை மட்டுமல்ல, மருத்துவமனை, மனநல விடுதி, ஏழைகள் விடுதி என்று பெண்கள் அடைபட்டிருக்கும் இடங்களுக்கெல்லாம் பெண்கள் போக வேண்டும், அது அவர்கள் கடமை என்கிறார். பெண் கைதிகளைக் காவல் காக்கப் பெண்களே வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறார். 1823ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் இதை ஏற்றிருந்தது. சிறைக்காவலர் என்ற ஆணின் கையில் சாவி இருப்பது பெண் கைதியின் உடலுக்கு என்ன பொருள் என்பதை ஃப்ரை அறிந்திருந்தார். இந்த ஒரு காரணத்துக்காகவே அவரை எளிதில் தூக்கி எறிய முடியாது.

தொண்டர்களுக்கு அவர் சொல்வது வேறு தொனி. நீதிபதியாகப் போகாதே, நான் உன்னைவிடப் புனிதமானவள் என்ற நினைப்போடு போகாதே, இரக்கத்தோடு போ என்கிறார். கூடவே, ஏமாந்தும் போகாதே. அதிகாரிகளின் வேலையில் தலையிடாதே. பிறகு, இன்றுவரை தொண்டர் பயிற்சிகளில் தொடரும் அந்த விதி: கைதியிடம் அவள் செய்த குற்றத்தைப் பற்றிப் பேசாதே. பேசினால் பொய் சொல்ல நேரும், கேட்கும் மற்றவர்களும் கெடுவார்கள் என்பது அவர் தரும் காரணம்.

முதல் வாசிப்பில் இது நாகரிகமான விதியாகத் தெரிகிறது, ஒருவகையில் அப்படித்தான். ஒவ்வொரு வாரமும் புதிதாக வரும் ஒரு கோமாட்டிக்குத் தன் வாழ்க்கையைக் கதையாகச் சொல்லிக்காட்டும் அவமானத்திலிருந்து கைதியை அது காக்கிறது. ஆனால் குற்றத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் வறுமையைப் பற்றி எப்படிப் பேசுவது? கள்ளநோட்டைக் கையில் திணித்து மாற்றிவரச் சொன்ன ஆணைப் பற்றி? தண்டனை நியாயமா என்பது பற்றி? அவளுடைய பாவத்தைப் பொதுவாகப் பேசலாம். அவளுடைய வழக்கைப் பேசக்கூடாது.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஹாரியட் ஸ்கெல்டன் நிற்கிறாள் என்று நான் வாசிக்கிறேன். கள்ளநோட்டு வழக்கில் மரணதண்டனை பெற்றவள். அவளைக் காப்பாற்ற ஃப்ரை பெரிய மனிதர்களைப் பிடித்து மன்றாடினார். உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபு இறங்கவில்லை. ஃப்ரையிடம் கோபத்தைத்தான் காட்டினார். 1818இல் ஸ்கெல்டன் தூக்கிலிடப்பட்டாள். அதே ஆண்டில்தான் ஃப்ரை நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொல்லிப் பாராட்டும் பெற்றார். ஒழுங்கைப் பற்றிப் பேசியபோது கேட்டார்கள், உயிரைப் பற்றிப் பேசியபோது வாசலைக் காட்டினார்கள். கதவு மூடிவிடக்கூடாது என்ற அச்சம் ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கையேட்டில் விதியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. (2002 முதல் 2017 வரை புழங்கிய இங்கிலாந்து வங்கியின் ஐந்து பவுண்டு நோட்டில் இருந்தது ஃப்ரையின் படம். ஸ்கெல்டன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.)

நூலில் எனக்குச் செரிக்காத பக்கம் கைதிகளின் தோற்றத்தைப் பற்றியது. காதணி, சுருட்டிய முடி, பகட்டான உடை எதுவும் கூடாது என்கிறார். தண்டனைக் காலம் முழுதும் முடியைக் குட்டையாக வெட்டி வைப்பதைத் தீங்கில்லாத, ஆனால் நிச்சயமாகப் பலன்தரும் தண்டனையாகப் பரிந்துரைக்கிறார். மனம் பணிவதற்கு அது உதவுமாம். தீங்கில்லாதது என்று தீர்மானித்தது யார்? முடியை இழந்த பெண் அல்ல. எளிமை குவேக்கர்களின் நம்பிக்கை என்பது உண்மைதான். அவர்கள் தாங்களே தேர்ந்துகொண்ட எளிமை அது. கத்தரிக்கோலால் வருவது எளிமை ஆகாது.

இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர் ஃப்ரை. வீட்டைக் கவனிக்காமல் சிறைக்கு அலைகிறார் என்று அவரையும் ஏசினார்கள். பெண் பொதுவெளிக்கு வர ஒரு சாக்கு வேண்டியிருந்த காலம், தொண்டுதான் அந்தச் சாக்கு. குழு கூட்டவும் கணக்கு எழுதவும் அமைச்சரை எதிர்கொள்ளவும் நடுத்தர, மேல்வர்க்கப் பெண்கள் அங்கே கற்றார்கள். அவர்களுடைய பயிற்சிக் களம் வேறு பெண்களின் சிறைவாசம். கையேடு முழுக்கத் தொண்டர்களை அடக்கமாக இரு, பொறுமையாக இரு என்று கண்காணிக்கும் குரல்தான் கைதிகளையும் கண்காணிக்கிறது. இரு தரப்பும் ஒரே தராசில் இல்லை. ஒரு தரப்பு மாலையில் வீட்டுக்குப் போய்விடும்.

கைதிகளின் குரல் நூலில் இல்லை. வேறிடத்தில் அதன் தடம் கொஞ்சம் கிடைக்கிறது, அதுவும் துணியில். நாடுகடத்தப்பட்ட பெண்களுக்குக் கப்பலில் ஊசி, நூல், ஒட்டுத்துணிகள் கொண்ட பையைச் சங்கத்தார் கொடுத்தார்கள். 1841இல் ராஜா என்ற கப்பலில் 180 பெண்கள் வான் டீமன்ஸ் லேண்டுக்கு, இன்றைய தாஸ்மேனியாவுக்கு, அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிலர் 2,800க்கும் மேற்பட்ட துண்டுகளை இணைத்துப் பெரிய போர்வை ஒன்றைத் தைத்தார்கள். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் அது இருக்கிறது. கப்பல் குழுவின் சீமாட்டிகளுக்கு நன்றி சொல்லும் வாசகம் அதில் பூத்தையலாக இருக்கிறது. தைத்தவர்களில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. துணியில் சில இடங்களில் சிறிய பழுப்புக் கறைகள் உண்டு. ஊசி பிடித்துப் பழகாத விரல்களின் ரத்தமாக இருக்கலாம் என்கிறார்கள்.