கண்ணீரும் முன்னுரையும்: எலீ வீசலின் ‘இரவு’

எலீ வீசல் எழுதிய ‘இரவு’ என்னும் சிறு நூலைக் கையில் எடுக்கும் கத்தோலிக்க வாசகர், அதன் வாயிலிலேயே தம்மவர் ஒருவரைச் சந்திக்கிறார். 1958இல் அந்நூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை வழங்கியவர், 1952இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கத்தோலிக்க நாவலாசிரியர் பிரான்சுவா மொரியாக். ஒரு யூதரின் கதறலுக்குக் கிறிஸ்தவர் ஒருவர் முன்னுரை எழுதுவது எளிய செயல் அன்று. அதில் அவர் எங்கே வென்றார், எங்கே தவறினார் என்று எண்ணிப் பார்ப்பது நம் விசுவாச வாழ்வுக்கும் பயன் தரும்.

வீசல் 1928இல் ருமேனியாவின் சிகெட் நகரில் பிறந்தவர். இளமையிலேயே தல்மூது கல்வியிலும் செபத்திலும் தோய்ந்தவர். 1944 மே மாதத்தில், அப்போது ஹங்கேரியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்நகரின் யூதர்கள் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருக்கு அப்போது வயது 15. தாயும் தங்கையும் அங்கே மாண்டனர்; தந்தை 1945 சனவரியில் பூக்கன்வால்டு முகாமில் உயிர்விட்டார். இவற்றையே நூல் கூறுகிறது. ஆயினும் அதன் உட்கரு, செபிக்கக் கற்ற ஓர் உள்ளம் செபிக்க இயலாமற்போன கதையே.

முகாமின் முதல் இரவில் நெருப்புக் குழிகளைக் கண்ட மனிதர்கள் தங்களுக்காகத் தாங்களே ‘கதிஷ்’ சொல்லத் தொடங்குகிறார்கள். இறந்தோருக்காக யூதர்கள் சொல்லும் இச்செபத்தில் இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது முழுவதும் இறைவனின் பெயரைப் போற்றுவது. ‘எதற்காகப் போற்ற வேண்டும்?’ என்று சிறுவனின் உள்ளம் கொதிக்கிறது. ஆனால் சற்று நேரத்தில், அவனை மீறி, அவன் உதடுகளும் அதே செபத்தை முணுமுணுக்கின்றன. ஐயமும் செபமும் ஒரே வாயில் குடியிருந்ததை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன பக்கங்கள் அரியவை.

இந்த ஐயம் தனியொருவரின் மனப் போராட்டமாக நின்றுவிடுவதும் இல்லை. யூதப் புத்தாண்டு நாளில் ஆயிரக்கணக்கான கைதிகள் முகாமில் கூடிச் செபிக்கும்போது, சிறுவன் இறைவனைக் குற்றஞ்சாட்டுபவனாய்த் தனித்து நிற்கிறான். விசுவாசம் இழந்த அக்கிபா ட்ரூமர் என்னும் முதியவர், சாவுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டபோது, தமக்காகக் கதிஷ் சொல்லும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்கிறார். அவர்கள் வாக்களிக்கிறார்கள், பின்பு மறந்துவிடுகிறார்கள். பசியும் அடியும் ஒரு சமூகத்தின் நினைவையே தின்றுவிட்டன என்பதற்கு இந்த மறதியைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நூலில் மிகுதியாகப் பேசப்பட்ட பகுதி, ஒரு சிறுவன் தூக்கிலிடப்படும் காட்சி. இறைவன் எங்கே என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, அவர் இதோ இந்தத் தூக்குமரத்தில் தொங்குகிறார் என்ற மறுமொழி வீசலின் உள்ளத்தில் எழுகிறது. கிறிஸ்தவ இறையியலார் பலர் இதில் கல்வாரியைக் கண்டனர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த யூர்கன் மோல்ட்மன் 1972இல் வெளியிட்ட ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ என்னும் நூலில் இக்காட்சியை எடுத்தாண்டார். துன்புறுவோருடன் இறைவன் துன்புறுகிறார் என்பது நமக்கும் உயிரான உண்மையே. ஆனால் வீசலின் பக்கத்தில் அச்சொல் ஆறுதலாக வரவில்லை. ஒரு சிறுவனின் உள்ளத்தில் இறைவன் மடிந்ததையே அது அறிவிக்கிறது. அடுத்தவருடைய இழவை நம்முடைய நற்செய்தியாக மாற்றிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா?

மொரியாக்கும் இந்த இடத்தில்தான் தடுமாறினார். தம்மைக் காண வந்த இளம் யூதரிடம் சிலுவையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்றும், ஆனால் அவரைத் தழுவிக்கொண்டு அழுவதே தம்மால் இயன்றது என்றும் அவர் எழுதுகிறார். நேரில் சொல்ல முடியாததை அச்சில் சொல்லிவிட்டார். அவருடைய கண்ணீரே சரியான முன்னுரை. விளக்கம் அவசரப்பட்டது என்பது நம் கருத்து. ஏனெனில் நாம் மீட்பின் அடையாளமாக வணங்கும் சிலுவை, பல நூற்றாண்டுகளாக யூதர்களின் தெருக்களுக்கு வாளோடு சேர்ந்தே வந்தது. திருச்சபையும் இதை உணர்ந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்மீதான வெறுப்பைக் கண்டித்தது. 2000இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எருசலேமின் மேற்குச் சுவரில் மன்னிப்பு வேண்டும் செபத்தை வைத்தார்.

வீசல் 1979இல் வெளியிட்ட நாடகம் ஒன்று இதற்கு மேலும் ஒளி தருகிறது. 1649இல், யூதர்கள் படுகொலை செய்யப்பட்ட ஒரு சிற்றூரில், எஞ்சியவர்கள் இறைவன்மீது வழக்குத் தொடுக்கிறார்கள். இறைவனுக்காக வாதாட ஒருவனே முன்வருகிறான். அவனுடைய வாதங்கள் பிழையற்றவை, பக்தி மிக்கவை. இறுதியில் அவன் சாத்தான் என்று தெரிகிறது. குற்றஞ்சாட்டிய விடுதிக்காரனோ, மதம் மாறி உயிர் தப்பும் வாய்ப்பு வந்தபோதும் தன் விசுவாசத்தை விட்டுக்கொடுக்க மறுக்கிறான். யோபு நூலிலும் இறைவனின் சினத்துக்கு ஆளானவர்கள் அவருக்காக வாதாடிய நண்பர்களே. வழக்காடிய யோபு அல்லர். சோதோமுக்காகப் பேரம் பேசிய ஆபிரகாமின் மக்களுக்கு, இறைவனோடு வழக்காடுவதும் உடன்படிக்கையின் ஒரு பகுதியே. வழக்காட ஓர் எதிர்த்தரப்பு வேண்டும் அல்லவா? 2016இல் மறையும் வரை வீசலும் அந்த எதிர்த்தரப்பை விட்டு விலகிவிடவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்த வேளைகள் நம் பங்குப் பணியில் உண்டு. இந்நூலைப் படித்தபின் அவ்வேளைகள் நம்மை உறுத்துகின்றன. நாம் அங்கே யாருடைய வழக்கறிஞராய் நின்றோம்? இருளிலேயே முடியும் 88ஆம் திருப்பாடலைத் திருச்சபை தன் செபநூலிலிருந்து நீக்கிவிடவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் இன்றும் நம் வாயில் அதை வைக்கிறது. விளக்கம் தேடும் முன், அத்தாயின் அருகே அமர்ந்து அவளுடைய முறையீட்டை நம் செபமாக ஏற்றுக்கொள்வோம்.