தோட்டத்துப் பிள்ளையின் நாண்மங்கலம்

பிறந்தநாளைப் பாடுதல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் பாடாண் திணையின் துறைகளுள் ஒன்றாக அரசனின் பிறந்தநாள் மங்கலத்தைச் சுட்டுகிறது. பெருமங்கலம் என அது கூறியதைப் பிற்காலத்தார் நாண்மங்கலம் என வழங்கினர். அன்று அரசன் வெள்ளணி அணிவான், சினம் நீங்குவான், சிறைக்கதவு திறக்கும். இராசராசன் பிறந்த ஐப்பசிச் சதயம் தஞ்சையில் இன்றும் விழா நாளாகவே உள்ளது. குழந்தையைப் பாடிய பிள்ளைத்தமிழும் பெரிதும் அரண்மனையையும் ஆலயத்தையும் சார்ந்தே வளர்ந்தது. கிடைத்தவற்றுள் பழையதாகிய ஒட்டக்கூத்தரின் நூலுக்குப் பாட்டுடைத் தலைவன் குலோத்துங்க சோழன். குமரகுருபரரின் நூலுக்குத் தலைவி மதுரை மீனாட்சி. பெரியாழ்வார் ஆயர்பாடியின் ஆரவாரத்தையும், முற்றமெங்கும் எண்ணெயும் சுண்ணமும் சிந்திக் கலந்ததையும் பாடினார். ஆயினும் அங்குப் பிறந்தவன் இடையர் வீட்டில் வளரும் இறைவனே. கூலிக்காரன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு நாண்மங்கலம் பாடிய புலவரை இலக்கிய வரலாறு காட்டவில்லை. அப்பிள்ளைக்குக் கிடைத்தது தாயின் தாலாட்டு ஒன்றே. அதுவும் ஏட்டில் ஏறியது மிகப் பிந்தியே.

இந்தக் குறை ஒரு சிறு அளவிலேனும் நிறைவெய்திய இடங்களுள் ஒன்று மலேசியத் தோட்டப்புறம். நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ் எனப் பரந்து கிடந்த தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பிக்கும், பின்னர் ரப்பருக்கும், அதன்பின் செம்பனைக்கும் இடங்கொடுத்தவை. அங்கு லயத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள், நாளேடுகளில் வெளிவந்த பிறந்தநாள் வாழ்த்துகள் வழியாகவே முதன்முதலில் அச்சேறின. 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்ற ஏடுகளைப் புரட்டுவோர் இவ்வாழ்த்துகளைக் காணாமல் கடந்து செல்ல இயலாது. புகைப்படக் கடையில் திரைச்சீலைக்கு முன் அமர்த்தி எடுக்கப்பட்ட ஒரு சிறு படம். செல்வன் அல்லது செல்வி என்னும் அடைமொழியுடன் பெயர். பிறந்த தேதி, நிறைவெய்தும் வயது. நான்கு அல்லது எட்டு அடியில் ஒரு பாட்டு. அதன்கீழ் வாழ்த்துவோர் பெயர்கள். இறுதியில் தோட்டத்தின் பெயர். வடிவம் இவ்வளவே. விளம்பரப் பகுதியில் கட்டணம் செலுத்தி வெளியிடப்படுவது என்பதனால் இதனை இலக்கியத்தோடு சேர்த்து எண்ணத் திறனாய்வாளர் தயங்கியுள்ளனர். பரிசில் பெற்றுப் பாடிய பாடாண் பாட்டை இலக்கியமெனக் கொண்டவர்கள், கட்டணம் கொடுத்து அச்சிட்ட வாழ்த்தைத் தள்ளுதற்கு வேறு காரணம் தேடுவதே முறை.

அத்தகைய காரணம் இல்லாமலும் இல்லை. இவ்வாழ்த்துகளின் பாட்டுப் பகுதி பெரும்பாலும் வலுவற்றது. விருத்தமோ வெண்பாவோ எழுதப் புகுந்து சீர் சிதைந்து நிற்பவை பல. அது பொறுக்கத்தக்க குற்றம். பொறுக்கலாகாதது, பிள்ளையைப் பாராமலேயே பிள்ளையைப் பாடும் வழக்கம். மழலை அமுது, மாணிக்கத் தேர், முத்துச் சிரிப்பு, நீடூழி வாழ்க என்னும் தொடர்கள் மாறிமாறி வருகின்றன. ஒரு பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு மற்றொரு பிள்ளையின் பெயரை வைத்தாலும் பாட்டில் ஓர் அசையும் அசையாது. மணமக்களுக்கு உரிய பதினாறு பேறுகளின் வாழ்த்து, இரண்டு வயதுச் சிறுவனுக்கும் வழங்கப்படுவதுண்டு. அவனுக்கு அன்று வேண்டியிருப்பது ஒரு பலூன்.

மரபைப் பின்பற்றியதனால் நேர்ந்த குறை இது எனச் சிலர் கூறுவர். மரபை ஊன்றி நோக்காததனால் நேர்ந்த குறை என்பதே பொருந்தும். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் குழந்தையை அருகிருந்து கண்டவர் வகுத்தவை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்து அசையும் அசைவுக்குச் செங்கீரை எனப் பெயரிட்டு, அதற்கு ஐந்தாம் திங்களை ஒதுக்கியது மரபு. கைகொட்டும் பருவத்திற்குச் சப்பாணி. தளர்நடையிட்டு வருவதற்கு வருகை. பாட்டியல் நூல்கள் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்கள்களைப் பருவங்களுக்கு வகுத்த முறையில், வருகைப் பருவம் ஓராண்டு நிறைவை ஒட்டியே வந்து நிற்கிறது. முதற் பிறந்தநாளின் இலக்கணம், பிள்ளை தன் காலால் நடந்து தாயிடம் வருவது. இதனினும் நுட்பமாக அந்நாளைக் குறித்தல் அரிது.

தோட்டத்துப் பிள்ளைக்கும் இப்பருவங்கள் உண்டு. அதன் அம்புலி ரப்பர் மரங்களின் நிரைகளுக்கு இடையே எழுந்தது. சிறுபறை, காலியான பால் வாளி. சிற்றில் கட்டுவதற்கு உடைந்த மங்குகளும், விளையாடுவதற்குப் புள்ளியிட்ட ரப்பர் கொட்டைகளும் லயத்து வாசலிலேயே கிடந்தன. பாட்டெழுதியவர் பெரும்பாலும் இதே வாசலைக் கடந்து சென்றவர். பல தோட்டங்களில் அவர் பள்ளி ஆசிரியரே. அவர் யாப்பு அறிந்திருந்தார். ரப்பர் கொட்டையையும் அறிந்திருந்தார். ஒன்றை மற்றதற்குள் கொண்டுவரலாம் என்னும் துணிவு மட்டுமே அவர்க்கு வரவில்லை. மங்கு என்னும் சொல் பாட்டுக்கு ஆகாது, முத்து என்னும் சொல்லே ஆகும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை, இன்றும் வகுப்பறையில் வாழ்த்துப்பா பயிற்றுவோர் எண்ணிப் பார்த்தல் நன்று.

மற்றொரு வெற்றிடமும் உண்டு. பால்வெட்டுக்குச் செல்லும் தாய் விடியுமுன் பெரட்டுக்கு எழுந்தவள். தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்து ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றவள். மலாய் நாட்டுத் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகமும் பள்ளியும் அமைவதற்குச் சட்ட அடிப்படை தந்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். அது நன்மையே. எனினும் பிள்ளை முதலடி எடுத்து வைத்ததைக் கொட்டகையின் ஆயா கண்டாள். பெற்றவள் மாலையில் கேட்டறிந்தாள். பிறந்தநாள் வேலை நாளில் வந்தால், மரத்தடியில் கோடு இழுத்துக்கொண்டே அதனை நினைத்தாள். இத்தாயின் நிலைக்குத் தமிழில் முன்னோடி உண்டு. குலசேகர ஆழ்வார், கண்ணனை ஈன்றும் அவன் குழவி விளையாட்டைக் காணாத தேவகியின் புலம்பலைப் பெருமாள் திருமொழியில் தனியொரு பதிகமாகவே பாடினார். அசோதை பெற்ற இன்பத்தை எண்ணி எண்ணித் தேவகி ஏங்குவதே அப்பதிகத்தின் உயிர். லயத்துத் தாய்மார் அனைவரும் ஒருவகையில் தேவகியரே. ஆயினும் பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டில் தாயின் குரல் கேட்பதில்லை. நிறைந்த மகிழ்ச்சி ஒன்றையே அது பேசுகிறது. தோட்டத்து வாழ்வைப் பாடிய புனைகதையோ இதற்கு எதிர்த்திசையில் சென்றது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) போன்ற நாவல்கள் பிரிவையும் சாவையும் மறக்கலாகாத வகையில் எழுதின. மகிழ்ச்சிக்குள் இருக்கும் ஏக்கத்தை எழுதுதற்கு உரிய இடம் இரண்டிற்கும் நடுவே வெறுமையாய்க் கிடந்தது.

இவ்வளவு கூறியபின், இவ்வாழ்த்துகளில் எஞ்சுவது யாது எனில், எவரும் இலக்கியமெனக் கருதாத பகுதியே, அதாவது வாழ்த்துவோர் பட்டியலே எஞ்சுகிறது. அப்பா, அம்மா எனத் தொடங்கி, தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தி, தாய்மாமன், அத்தை, அக்கா, தம்பி என அது இறங்கும். முதலாண்டில் குலதெய்வத்தின் முன்னோ தோட்டத்து மாரியம்மன் கோவிலிலோ முடியிறக்கிக் காது குத்தியபோது பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமனுக்குப் பட்டியலிலும் தனியிடம் உண்டு. பெயர்களின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஊர்ப்பெயர்கள் நிற்கும். ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் அடுத்த தோட்டம். சிலர் பெயருக்கருகே இந்தியா. இந்த ஒரு சொல்லுக்குள் ஒரு வரலாறு உண்டு. 1969ஆம் ஆண்டிற்குப் பின் குடியுரிமையற்றோர்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோது, பல்லாயிரவர் தோட்டங்களை விட்டுத் தமிழகத்திற்குக் கப்பலேறினர். ஒரே குடும்பத்துள் சிலர் சென்றனர், சிலர் நின்றனர். அவ்வாறு பிரிந்த தாத்தாவின் பெயர், அவர் கண்டிராத பேரனின் வாழ்த்தில், உடனிருப்பவர்களின் பெயர்களோடு ஒரே எழுத்தளவில் அச்சாகிறது. பாட்டு சொல்லாததைப் பட்டியல் சொல்லிவிடுகிறது. தனியே சொல்ல வேண்டும் என்று எண்ணாமலேயே சொல்வது அதன் சிறப்பு.

தேதியும் அவ்வாறே. நாட்டிலிருந்து வந்த முதல் தலைமுறைக்குப் பிறந்தநாள் என்பது நட்சத்திரம். பிள்ளை பிறந்தது பெருவெள்ளத்துக்கு மறுவாரம், சப்பான்காரன் வந்த மாதம் என்பதே நினைவு. பிறந்தநாளை ஆங்கிலத் தேதியாக வீட்டுக்குள் கொண்டுவந்தவை பள்ளிப் பதிவேடும் பிறப்புச் சான்றிதழுமே. அத்தேதியின் கனம் தோட்டத்து மக்களுக்குப் பிறரினும் மிகுதி. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் இறுதி வரை இம்மண்ணில் பிறந்த பிள்ளை, பொதுவாகப் பிறந்த காரணத்தாலேயே குடியுரிமைக்கு உரியதாயிற்று. அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருத்தல் வேண்டியிருந்தது. சில வாரங்களின் வேறுபாடு ஒருவனின் வாழ்நாளையே பாதித்தது. வீட்டிலேயே பிரசவமாகிப் பதிவு செய்யப்படாது போன பிள்ளைகள், பன்னிரண்டாம் வயதில் அடையாள அட்டைக்குச் செல்லும்போதே தமக்குச் சட்டத்தின் கண்ணில் பிறந்தநாள் இல்லை என்பதை அறிந்தனர். இத்தகையோரைப் பதிவதற்கென்று 2011இல் அரசு 'மைடஃப்தார்' என்னும் இயக்கத்தை நடத்தவேண்டிய அளவுக்கு இச்சிக்கல் நீண்டது. இந்நிலையில், மகனின் பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு எனத் தெளிவாக நாளேட்டில் அச்சிட்ட தொழிலாளியின் செயலை வெறும் ஆடம்பரம் எனல் பொருந்தாது. வெள்ளணி நாளில் அரசன் தன் ஆட்சியாண்டை அறிவித்தான். இவன் தன் பிள்ளை இந்நாட்டில் பிறந்தது என்பதை அறிவித்தான்.

ஆடம்பரம் என்னும் குற்றச்சாட்டு பெரும்பாலும் கேக்கின் மீதே சுமத்தப்பட்டது. விளக்கேற்றி வாழ்த்தும் பண்பாட்டினர் மெழுகுவத்தியை ஊதி அணைக்கலாமா என்னும் வினா தமிழ் மேடைகளில் கைதட்டலைப் பெற்றுத் தருவது. சம்பள நாளை ஒட்டிச் சிரம்பானிலிருந்தோ போர்ட்டிக்சனிலிருந்தோ பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்ட கேக், லயத்துப் பிள்ளைகள் இருபது பேருக்கு நகமளவு துண்டுகளாகப் பங்கிடப்பட்டதைக் கண்டவர்கள் அக்கைதட்டலில் சேரமாட்டார்கள். காலையில் கோவில் அருச்சனை, மாலையில் கேக் என இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்ட குடும்பத்திற்கு முரண்பாடு எதுவும் தோன்றவில்லை. வாழ்த்துப் பாட்டில் மட்டும் கேக் இடம்பெறவில்லை. அதுவும் மங்கைப் போலப் பாட்டுக்கு ஆகாத சொல்லாயிற்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் நகர் விரிவுக்கு இடங்கொடுத்தும் மறைந்துவருகின்றன. செண்டாயானில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலம் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் நகரம். பள்ளிப் பெயர்களில் மட்டும் 'லாடாங்' என்னும் சொல் நிலைத்திருக்கிறது. லின்சம், கொம்போக், கெடஸ், மிடல்டன் என அவற்றைப் படிக்கும் மாணவர் பலர் லயத்து வீட்டைக் கண்டறியார். நாளேடுகளின் பழைய தாள்களும் பொடிந்து வருகின்றன. வாழ்த்துகள் வந்த பக்கம் நூலகத்தில் எவரும் கேட்டு வாங்கும் பக்கமன்று. கட்டுரையும் கதையும் வந்த பக்கங்களை வெட்டித் தொகுத்தவர்களும் இதனைக் குப்பையில் இட்டனர். வீடுகளில் சில பிழைத்துள்ளன, சாமிப் படத்தின் பின்னாலோ, பிறப்புச் சான்றிதழ் வைத்த அதே பிளாஸ்டிக் உறைக்குள்ளோ. மடிப்பில் கிழிந்த அத்துண்டுத் தாளில் பாட்டின் இரண்டடி போயிருக்கும். பெயர்களும் தேதியும் தோட்டத்தின் பெயரும் படிக்கும்படியே உள்ளன.