மெக்கன்ஸியின் ஆட்கள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குப் போகிற கல்கத்தா ரோட்டில் வருகிறது புழல். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் ஏரியும் சிறைச்சாலையும்தான் ஞாபகம் வரும். அங்கே குறும்பர்கள் கோட்டை கட்டி ஆண்டார்கள் என்றும், ஆதொண்டச் சக்கரவர்த்தி அதைப் பிடித்தான் என்றும் ஒரு கதை உண்டு. அவனுடைய யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்ட இடம்தான் திருமுல்லைவாயில் என்பார்கள். தொண்டை மண்டலத்துக் குறும்பர் கதைகளைத் திரட்டி வைத்தவர் கர்னல் காலின் மெக்கன்ஸி என்று சொல்லி வருகிறோம். அந்தத் 'திரட்டி வைத்தவர்' என்ற ஒருமையோடுதான் எனக்குச் சண்டை.

மெக்கன்ஸியின் ஜீவிய சரித்திரத்துக்குக் குறைவில்லை. 1754இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார், 1783இல் இந்தியாவுக்கு வந்தார், 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார், 1821இல் காலமானார். சுவடிகளை ஒரு லட்ச ரூபாய்க்குக் கம்பெனியார் வாங்கினார்கள். தென்னாட்டுச் சுவடிகள் பிற்பாடு சென்னைக்கு வந்து, சர்வகலாசாலைக் கட்டடத்தில் நெடுங்காலம் இருந்தன. 1972இல் சென்னை சர்வகலாசாலை, டி. வி. மகாலிங்கத்தைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ், மலையாளச் சுவடிகளின் சுருக்கங்களைப் பிரசுரித்தது. உபயோகமான காரியம்தான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்குமா? ஊர்ப் பெரியவரின் திண்ணையில் உட்கார்ந்து, அவர் சொன்னதை எழுதிக்கொண்டவன் யார்?

கர்னலுக்கு நம் பாஷைகள் வராது. அதை அவரே மறைக்கவில்லை. இந்தியக் கல்வியின் வாசலைத் தமக்குத் திறந்துவிட்டவர் காவலி வெங்கட போரய்யா என்று 1817இல் ஒரு கடிதத்தில் நன்றியோடு எழுதினார். போரய்யா 1803இல், வாலிப வயதிலேயே இறந்து போனார். தம்பி லட்சுமய்யா அந்த வேலையை ஏற்றார். இன்னொரு சகோதரர் ராமஸ்வாமி, 1829இல் கல்கத்தாவில் தட்சிணப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இங்கிலீஷில் வெளியிட்டார். அதில் பாதி கர்ணபரம்பரை. காலக் கணக்கை நம்பிவிடக்கூடாது. ஆனால் அந்தப் புலவர் வரிசையிலே தம் அண்ணன் போரய்யாவுக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார். பாசத்தினால் செய்ததுதான், சந்தேகமில்லை. இருக்கட்டுமே! புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். மற்றப் புலவர்களெல்லாம் அற்புதம் செய்கிறார்கள். இந்த ஒருவர்தான் உத்தியோகம் பார்க்கிறார்.

அப்பாவு, நாராயண ராவ், நிட்டல நாயனா ஆகியோருக்கு அப்படி எழுத ஒரு சகோதரன் வாய்க்கவில்லை. அவர்கள் கர்னலுக்கு அனுப்பிய அறிக்கைகள் மட்டும் இருக்கின்றன. எந்த ஊருக்குப் போனார்கள், எந்தக் கணக்கர் ஏட்டைக் காட்டினார், யார் சர்க்கார் ஆள் என்று பயந்து ஒளித்தார் என்பதையெல்லாம் அவற்றிலிருந்து பொறுக்கி எடுக்கலாம். பிறந்த வருஷம் தெரியாவிட்டால் என்ன? ஒரு மனிதன் எப்படி நடந்தான், எங்கே ஏமாந்தான் என்பது தெரிந்தால் அதுவே குறிப்பு. கர்னலுக்கு நாலு பக்கம் ஒதுக்குகிறவர்கள் இவர்களுக்கு ஆளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கக்கூடாதா?

லட்சுமய்யாவின் கதையும் அங்கே சேர வேண்டும். எஜமானர் இறந்த பிறகு, பாக்கி வேலையைத் தாமே தொடர்ந்து நடத்துவதாக அவர் மனுப் போட்டார். ஆசியாடிக் சொஸைட்டியின் காரியதரிசி ஜேம்ஸ் பிரின்ஸெப் 1836இல் அதைப் பரிசீலித்தார். இவருக்கு மட்டுமல்ல, எந்தச் சுதேசிக்குமே அந்த வேலைக்குத் தகுதி போதாது என்பது அவர் அபிப்பிராயம். சுவடிகளைப் பரிசோதிக்கும் பொறுப்பு பாதிரியார் வில்லியம் டெய்லருக்குப் போயிற்று.