ஒரே ஒரு டிராபேக்

சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் அண்ணன் மகளைப் பற்றிச் சொன்னார்: 'எம்.எஸ்ஸி. படிச்சிருக்கா, பேங்க்ல வேலை, நல்லாப் பாடுவா. ஒரே ஒரு டிராபேக்... கலர் கொஞ்சம் கம்மி.' அந்தப் பெண் ரெண்டு இலை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். காதில் விழுந்திருக்கும். பாயசத்தைத் தொடவில்லை.

எனக்கும் அந்த 'டிராபேக்' ஜீரணமாகவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன்.

ஆச்சரியம்! வியாபாரத்தில் டிராபேக் என்றால் குறை இல்லை, காசு. கட்டிய சுங்க வரியைத் திரும்ப வாங்குவது. 1776-ல் வெளிவந்த ஆடம் ஸ்மித்தின் 'வெல்த் ஆஃப் நேஷன்ஸ்' நாலாம் புத்தகத்தில் டிராபேக்குக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. பொருளாதாரத்தின் குறைகளைத் திட்டியிருப்பார் என்று நினைத்துப் பிரித்தால் ஏமாறுவீர்கள். அத்தனையும் வரி சமாசாரம். இன்றும் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவரிடம் 'டிராபேக் வந்துச்சா?' என்று கேட்டுப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். 1962-ம் வருஷத்து சுங்கச் சட்டம், 75-ம் பிரிவு. ஏற்றுமதிச் சரக்கில் சேர்ந்த இறக்குமதிப் பொருளுக்குக் கட்டிய வரி திரும்பி வரும்.

நாம் பேச்சில் பயன்படுத்தும் அர்த்தத்திலும் அந்த 'பின்னால் இழுப்பது' இருக்கிறது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஒன்றைச் சட்டையைப் பிடித்து நிறுத்துவதுதான் டிராபேக். 'வண்டி அருமை, மைலேஜ்தான் டிராபேக்' என்றால் சரி. ஓட்டை பக்கெட்டுக்கு ஓட்டை டிராபேக் அல்ல, டிஃபெக்ட், பழுது. கூடைப்பந்தில் எதிராளி உங்களைவிட ஓரடி உயரம் என்றால் உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ்.

தமிழில் எல்லாவற்றுக்கும் 'குறை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மனசில் இருக்கும் புகாரும் குறைதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு ஜனங்கள் கொண்டுபோவது தங்கள் குறைபாட்டை அல்ல, மனுவை.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருவோம். அவள் நிறம் எதைப் பின்னால் இழுத்தது? படிப்பையா, வேலையையா, பாட்டையா? எதையும் இல்லை. இழுத்தது சித்தப்பாவின் வாய். இலக்கணப்படி பார்த்தால் அந்தக் குடும்பத்தின் ஒரே டிராபேக் அவர்தான்.

அடுத்த முறை இந்த வார்த்தை நாக்கு நுனியில் வரும்போது, எது எதை இழுக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். முடியாவிட்டால், பந்தியில் ரெண்டு இலை தள்ளி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாவது பாருங்கள்.