மறையாத கை: இரும்புக்கை மாயாவியின் பழைய கணக்கு

இரும்புக்கை மாயாவியைப் பற்றித் தமிழில் வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை பால்ய நினைவுகள். பள்ளி விடுமுறை, வாடகைப் புத்தகக் கடை, பிளக்கில் விரலை விட்டால் நாமும் மறைந்துவிடலாம் என்ற ஆசை, அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி. எல்லாம் உண்மைதான். ஆனால் ஐம்பது வருஷமாக நாம் கொண்டாடிவரும் இந்த ஆளின் கதையைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் படித்தால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. இவன் வில்லனாகத்தான் தொடங்கினான். அந்தக் கணக்கை யார், எப்போது தீர்த்தார்கள்?

கதையின் ஊற்று பிரிட்டன். 1962 அக்டோபரில் ‘வேலியண்ட்’ என்ற வார இதழ் வெளிவந்தபோது அதன் முதல் இதழிலேயே ‘ஸ்டீல் க்ளா’ தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் எழுதியவர் அறிவியல் புனைகதையாளர் கென்னத் பல்மர். பிறகு நெடுங்காலம் எழுதியவர் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. நாயகன் லூயி கிராண்டல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வகத்தில் உதவியாளன். ஆய்வக விபத்தொன்றில் வலது கையை இழந்தவன். அந்த இடத்தில் இரும்புக் கை. பிறகு ஒரு வெடிப்பில் அவன் உடம்பில் பெரும் மின்சாரம் பாய்கிறது. உடல் மறைந்துவிடுகிறது, இரும்புக் கை மட்டும் மறையவில்லை. அதன்பின் எப்போது மின்சாரம் பாய்ந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு மறைந்துபோவான்.

இந்தச் சக்தி கிடைத்ததும் கிராண்டல் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. திருடினான், மிரட்டினான். ஊரே பயந்தது. வார இதழ்க்காரர்களுக்கோ வேறு சிக்கல். பிடிபட்டுச் சிறைக்குப் போக வேண்டிய ஒருவனை வைத்து எத்தனை வாரம் கதை ஓட்டுவது? ஆகவே விபத்தின் அதிர்ச்சியில் அவன் புத்தி தடுமாறிவிட்டது என்று கதை ஒரு சமாதானம் சொன்னது. அவன் மெல்ல நல்லவனானான். நிழல் படையில் உளவாளியாகச் சேர்ந்தான். இரும்பு விரல்களுக்குள் ஆயுதங்கள் வந்தன. இடையில் கொஞ்ச காலம் அமெரிக்க பாணியில் உடுப்பு மாட்டி முழு சூப்பர்ஹீரோவாகவும் திரிந்தான். பிறகு அந்த உடுப்பையும் கழற்றினான். சுமார் பத்து வருஷத்துக்குள் ஒரே மனிதன் உதவியாளன், குற்றவாளி, உளவாளி, சூப்பர்ஹீரோ!

இந்த மாதிரிச் சிக்கல் காமிக்ஸில் புதிதில்லை. ‘லயன்’ வார இதழில் 1965-இல் தொடங்கிய ஸ்பைடரும் குற்றச் சக்கரவர்த்தியாக வந்து பின்னால் குற்றவாளிகளை வேட்டையாடியவன்தான். டெட் கோவனுக்குப் பிறகு ஸ்பைடரை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அந்த சூப்பர்மேனின் வரலாறும் பல உலகங்களாகக் கிளைத்துக் குழம்பியபோது, 1985-86இல் டிசி நிறுவனம் ஒரு பெரும் அழிவுக் கதையை எழுதி எல்லா உலகங்களையும் ஒன்றாக்கியது. அமெரிக்கக்காரர்கள் முரண்பாட்டைக் கண்டால் கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்கு திறப்பார்கள். வேலியண்ட்காரர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை, அடுத்த வாரத்துக்குப் போய்விட்டார்கள்.

1972 ஜனவரியில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் பெயரே ‘இரும்புக்கை மாயாவி’. பிறகு கதைகள் வந்த வரிசை வேறு, பிரிட்டனில் வந்த வரிசை வேறு. வார இதழில் தொடராக வந்தவை, தனிப் புத்தகமாக வந்தவை எல்லாம் கலந்து வந்தன. நிழல் படையில் நல்ல பிள்ளையாக இருக்கும் மாயாவியை முதலில் சந்தித்த ஒருவருக்கு, அவன் திருடனாக இருந்த கதை பின்னால் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்? ‘இது வேற மாயாவி போல’ என்றுதான் தோன்றும். வேறு மாயாவியும் இருக்கத்தான் செய்தான். முத்து காமிக்ஸில் வேதாளர் என்று வந்த முகமூடி வீரர், ராணி காமிக்ஸில் மாயாவி ஆகிவிட்டார். மண்டையோட்டு மோதிரம் போட்ட மாயாவி ஒருவர், இரும்புக் கை வைத்த மாயாவி ஒருவர். சின்ன வயதில் இவர்களை அண்ணன் தம்பி என்று நம்பிய நண்பன் எனக்கு உண்டு.

இத்தனை குழப்பத்திலும் தமிழ்ப் பெயர் ஒரு காரியம் செய்திருக்கிறது. ஆங்கிலத் தலைப்பு கையோடு நின்றுகொண்டது. தமிழ் அந்த ஆளுக்கும் ஒரு பெயர் வைத்தது. மாயாவி என்பது நம் கதை மரபில் நல்லவனுக்கு வைக்கும் பெயர் இல்லை. ராமாயணத்தில் வாலி குகைக்குள் துரத்திக்கொண்டு போன அசுரனின் பெயர் மாயாவி. கதை தன் நாயகனின் குற்றத்தை மறந்த பிறகும் பெயர் அதை மறக்கவில்லை. பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருப்பார்களா என்றால், மறையக்கூடியவன் என்ற பொருள் போதும் என்று வைத்திருக்கலாம். ஆனால் வாசகன் காதில் அந்தப் பழைய அசுரன் கொஞ்சமாவது ஒலிப்பான்.

வார இதழ் பிள்ளைகளுக்கானது, அதில் போய் நீதி விசாரணை நடத்தலாமா என்று கேட்கலாம். கிராண்டல் தண்டிக்கப்படவில்லையே என்பது என் புகார் இல்லை. குற்றத்தை மின்சாரத்தின் தலையில் கட்டியதும் அவனுக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. அதோடு அவன் கோபத்துக்கு இருந்திருக்கக்கூடிய காரணமும் காணாமல் போய்விட்டது. வேலை செய்த இடத்தில் கையை இழந்தவன் அவன். அந்தக் கைக்கு யாராவது பதில் சொன்னார்களா? நஷ்ட ஈடு உண்டா? மறுபடியும் அதே மாதிரி வேலைக்கு அவன் ஏன் போக வேண்டியிருந்தது? புத்தி தடுமாறியவன் என்று சொல்லிவிட்டால் இதில் எதையும் கேட்க வேண்டியதில்லை.

ஜொகூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்விகளைத் தாண்டிப்போக எனக்கு முடியவில்லை. மாயாவி கதைகளை எனக்குக் கொடுத்தவர் என் மாமா. தோட்டத்தை விட்டு வந்து பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே இயந்திரத்தில் வலது கையில் மூன்று விரல்கள் போயின. ‘கவனக்குறைவு’ என்று மேற்பார்வையாளர் எழுதிவிட்டார். பெர்கேசோ பணத்துக்கு அலைந்த கதை தனி. கூட்டாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் மாயாவி. அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “எல்லாரும் என் கையத்தான்டா பாக்குறானுங்க. மூஞ்சியப் பாத்துப் பேசுறவன் ஒருத்தனும் இல்ல.”

பிளாஸ்கோவின் படங்களை இதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. கறுப்பு வெள்ளை நிழல்களுக்கு நடுவே ஆள் இல்லாத அறையில் ஒரு கை மட்டும் மிதக்கும். இது மறையும் சக்தியைக் காட்டும் படம் என்று நாம் பழகியிருக்கிறோம். மனிதன் மறைந்து அவன் காயம் மட்டும் தெரிகிற படமும் அதுதான். அந்த ஓவியத்தில் இருப்பதில் பாதியைக்கூடக் கதை கவனிக்கவில்லை என்பது என் துணிபு.

பிரிட்டன்காரர்களே பின்னால் இதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆலன் மூர் கதைக்கரு தந்து, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ 2005-06இல் வந்தது. அதில் பழைய வார இதழ் நாயகர்களையும் வில்லன்களையும் அரசாங்கமே பிடித்து ரகசியச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறது. அவர்களில் கிராண்டலும் ஒருவன். இது சாமர்த்தியமான கற்பனை. ஆனாலும் அங்கே அவன் ஒரு கூட்டத்தில் ஒருவன்தான், அவனுடைய தனிக் கணக்கு அப்படியேதான் நிற்கிறது.

பூட்டி வைக்கப்பட்ட நாயகன் என்றதும் ஜொகூர்க்காரர்களுக்கு நினைவு வருபவன் ஒருவன் உண்டு. 1998 முதல் ஆர்டிஎம் தொலைக்காட்சியில் வந்த ‘கெலுவாங் மேன்’. கெலுவாங் என்றால் பழந்தின்னி வௌவால். எங்கள் குளுவாங் ஊருக்குப் பெயர் தந்ததும் அதுதான். கார்ட்டூனின் நாயகன் போர்ஹான், ஜொகூர் பாருவில் தம்போய் மனநல மருத்துவமனை நோயாளி. இரவில் தப்பித்துப் போய்க் குற்றவாளிகளைப் பிடிப்பான், பிறகு வார்டுக்கே திரும்பி வந்துவிடுவான். ‘உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பணும்’ என்பது இங்கே சாதாரணக் கிண்டல். கார்ட்டூனும் அந்தக் கிண்டலை நம்பித்தான் பிழைத்தது. நோயாளிகளை வைத்துச் சிரிப்பு மூட்டிய காட்சிகளை இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் அது ‘வேலியண்ட்’டை விட நேர்மையானது. எத்தனை பேரைக் காப்பாற்றினாலும் போர்ஹான் நோயாளிதான். அவன் கடந்த காலத்தை அடுத்த வாரக் கதை வந்து அழித்துவிடுவதில்லை. 2025-இல் இவனை வைத்து ஒரு முழு நீளத் திரைப்படமே வந்துவிட்டது.

இருவருக்கும் பொதுவானது ஒன்று. ஒருவனுக்குப் புத்தி தடுமாற்றம் சமாதானமாகப் பயன்பட்டது, இன்னொருவனுக்கு நகைச்சுவையாக. உனக்கு என்ன நடந்தது என்று இரண்டு பேரையுமே யாரும் உட்கார வைத்துக் கேட்கவில்லை.

முத்து காமிக்ஸ் மாயாவியை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது வாங்கியவர்களில் நானும் ஒருவன். ‘பாதாள நகரம்’, ‘நாச அலைகள்’ எல்லாம் இன்றும் வேகம் குறையாமல் ஓடுகின்றன. இதுவரை படிக்காத இளைய வாசகர்கள் தாராளமாக எங்கிருந்தும் தொடங்கலாம், வரிசை தேவையில்லை. ஆனால் முதல் கதை கையில் கிடைக்கும்போது கொஞ்சம் நின்று படியுங்கள். மறைந்த பிறகு அவன் என்ன செய்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். மறைவதற்கு முன்பு அந்த ஆய்வகத்தில் ஒற்றைக் கையோடு நிற்கிற உதவியாளனை எத்தனை கட்டங்கள் காட்டுகின்றன, அதில் அவன் என்ன பேசுகிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

லோகேஷ் கனகராஜ் ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறார். எடுத்தால் சண்டைக் காட்சிகள் பிரமாதமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. நான் காத்திருப்பது அந்தக் கை எங்கே, யாருக்காக வேலை செய்யும்போது போனது என்று சொல்லும் ஐந்து நிமிஷத்துக்கு.