சுவருக்குள் பார்க்கிறவள்

ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற வீடியோ ஆட்டத்தில் எந்த வீரரை வேண்டுமானாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐக்யூவை மட்டும் விட்டுவிடுங்கள்! ஆட்டம் வெளிவந்த 2015 டிசம்பரிலிருந்தே இருப்பவள். பிறகு எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். என் கை இன்னும் அவள் படத்தில்தான் போய் நிற்கிறது.

கதைப்படி பெயர் மோனிகா வைஸ். ஜெர்மனியின் ஜிஎஸ்ஜி 9 படைக்காரி. அந்தப் படை நிஜத்திலும் உண்டு, 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகு உருவானது. ஆனால் நான் மயங்கியது கதைக்கு இல்லை, அவள் இடது கையில் கட்டியிருக்கும் அந்தச் சின்னத் திரைக்கு. அதை உயர்த்திப் பிடித்தால் போதும், சுவருக்குப் பின்னால், தரைக்கு அடியில், கூரைக்கு மேலே ஒளித்துவைத்த மின்கருவியெல்லாம் பளிச்சென்று தெரியும். கட்டடத்தைக் காக்கும் எதிரணியில் வால்கிரி ஒட்டிய கேமரா, காப்கான் வாசலில் கட்டிய வெடி, பாண்டிட் இரும்புச் சுவருக்குப் பின்னால் வைத்த பேட்டரி, எதுவும் தப்பாது. ஃப்ராஸ்ட்டின் கால்பொறி மட்டும் தெரியாது, அதில் மின்சாரமே இல்லையே! இவ்வளவு நுணுக்கமாக யோசித்துச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

திரையைப் பார்க்கும்போது பெரிய துப்பாக்கியைப் பிடிக்க முடியாது, கைத்துப்பாக்கி மட்டும்தான். இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அவளுடைய அழகே. எதிரி எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்று தெரிந்தே கண்ணைத் திரையில் வைக்க வேண்டும். முதுகைக் கூட்டாளி பார்த்துக்கொள்வான் என்று நம்ப வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் நாகல்நகர், ஒருவன் பேகம்பூர். கடையடைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆட்டம் களைகட்டும். அன்றைக்கு ஆரிகன் வரைபடம், வெடிகுண்டு மாடியில் இருந்த குழந்தைகள் படுக்கையறையில். பேகம்பூர்க்காரன் அதைச் செயலிழக்கவைக்கும் டிஃப்யூசரை வைக்கக் குனிந்தான். நான் திரையைக் கீழே திருப்பினேன். அவன் காலுக்கு நேர் கீழே, சமையலறையில் ஒரு சின்ன உருவம் மின்னியது. எதிரணி பல்ஸின் இதயத்துடிப்புக் கருவி! மேலே இருப்பவனின் துடிப்பைப் பார்த்துக்கொண்டு, கூரையில் சி4 வெடியை ஒட்டக் காத்திருக்கிறான்.

"மாப்ள, தள்ளுடா! கீழ பல்ஸ் நிக்கிறான்!"

அவன் குதித்து விலகினான். மரத்தரை வழியே அந்த மின்னலுக்குக் கொஞ்சம் மேலாகக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டே இருந்தேன். பல்ஸ் காலி. எங்களைத் தேடத்தான் அவன் அந்தக் கருவியை எடுத்தான். அந்தக் கருவியே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. வேறு எந்த வீரரை எடுத்தாலும் இப்படி ஒரு சுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் ஊர் திண்டுக்கல் மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் ஐக்யூ ஞாபகம்தான். 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட்டின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. பீரங்கியால் அடித்து, இரவில் ஏறப் பார்த்து, அடிவாங்கித் திரும்பியது. விடிந்ததும் உள்ளே இருந்தவர்களே சரணடைந்துவிட்டார்கள்! உள்நிலவரம் தெரிந்திருந்தால் அந்த இரவு அத்தனை உயிர்களைப் பணயம் வைத்திருக்க வேண்டாம். சுவருக்கு வெளியே நிற்பவனுக்கு எப்போதும் வேண்டியது அந்த நிலவரம்தான். ஐக்யூ தருவதும் அதைத்தான். எந்தச் சுவரில் பேட்டரி, எந்த மூலையில் கேமரா என்று பார்த்துவிட்டால் எதிரணி எங்கே உட்காரப்போகிறது, எந்த வழியை விட்டுவிட்டது எல்லாம் தானாகவே பிடிபடும். 2022 கடைசியில் காவல் பக்கத்துக்கும் இப்படி மின்கருவிகளைக் கண்டுபிடிக்கிற சோலிஸ் என்று ஒருத்தியை இறக்கினார்கள். கெட்டிக்காரிதான். ஆனாலும் என் மனசு ஐக்யூவிடம்தான்.

2025 ஜூன் முதல் ஆட்டத்தின் ஒரு பகுதியைக் காசில்லாமலே ஆடலாம். ஆடுங்கள், ஐக்யூ கைக்கு வந்ததும் அவளை எடுங்கள். முதல் ரவுண்டில் யாரையும் சுடக்கூட வேண்டாம். திரையை உயர்த்திச் சுவரோரமாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். அடுத்த ரவுண்டில் மற்ற நாலு பேரும், "நீயே ஐக்யூ எடுப்பா" என்பார்கள்.